பெயருக்கு விட்ட இடைவெளி

தாம்பாளத்தில் தண்ணீர் இல்லை.

மத்தியானம் தர்ப்பணம் பண்ணி எழுந்தபோது அதில் விளிம்புவரை எள்ளும் ஜலமுமாக இருந்ததை மஹாதேவன் தன் கண்ணால் பார்த்திருந்தார். சாப்பிட்டுவிட்டுச் செடிக்கு ஊற்றிக்கொள்ளலாம் என்று பால்கனிக் கதவோரம் விட்டுவைத்தவர், காலையிலிருந்து பட்டினி கிடந்த வயிற்றில் சோறு விழுந்ததும் அசந்து தூங்கிவிட்டார். இப்போது பொழுது சாய்ந்து, விளக்கைப் போட்டுப் பார்த்தால், தாம்பாளம் நக்கித் துடைத்த மாதிரி இருந்தது. எள் மட்டும் அடியில் ஒட்டிக் கிடந்தது. நடுவில், முன்னோர் வந்து இறங்குகிற தர்ப்பைக் கூர்ச்சம், போட்ட முடிச்சு போட்டபடி.

காக்காய் குடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். புறாத் தொல்லைக்காகப் பால்கனி முழுக்க வலை அடித்திருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பெங்காலிகள் நடுவே, டாக்குரியாவில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் இப்போது அவர் ஒருவர்தான். கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி விஜயலக்ஷ்மி காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் மாதங்கி புனேயில். பூஜைப் பண்டிகைக்குத் துணி எடுக்கக் கட்டடமே கரியாஹாட் கடைவீதிக்குக் கிளம்பிப் போயிருந்தது. கீழே பந்தலுக்கு மூங்கில் கட்டுகிறவர்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஸ்டேஷனில் ரயில் வந்து நின்று போகிற சத்தம் ஓய்ந்தால் வீட்டில் ஃப்ரிட்ஜ் உறுமுவது மட்டும்தான் கேட்கும். இந்தத் தனிமை அவருக்குப் பழகவே இல்லை. பழகிவிட்டதாக மகளிடம் சொல்வார்.

மஹாளய அமாவாசைக்கு முன்பெல்லாம் சந்தானம் வாத்தியார் வீட்டுக்கே வந்து பண்ணி வைப்பார். இப்போது முழங்கால் வலி என்று மந்திரங்களைப் பதிவு பண்ணி வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறார். அப்பா வழி, அம்மா வழி என்று ஒவ்வொருவராகக் கூப்பிடும் இடம் வந்ததும் "பேரைச் சொல்லிக்கோங்கோ" என்று நிறுத்துவார். ஃபோனில் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அந்த இடைவெளியில் அவரவர் தங்கள் மனிதர்களின் பெயரைச் சொல்லி, கையைச் சாய்த்துக் கட்டைவிரல் பக்கமாக எள்ளும் தண்ணீரும் விடவேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று தடவை. மஹாளயத்தில் மற்ற உறவுகளுக்கும் உண்டு என்பதால் விஜயலக்ஷ்மியின் பெயரையும் சொன்னார்.

சொல்லும்போது சிரிப்பு வந்தது. அவள் ஒரு நாளும் அவர் பெயரைச் சொன்னவள் இல்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவளுக்குப் பிடிவாதம். சமையல் கேஸுக்குப் பதிகிற இடத்தில் பெயர் கேட்டபோது, வாயைத் திறக்காமல் சுவரில் தொங்கிய சிவன் காலண்டரைக் கையால் காட்டினாள். அங்கிருந்த பெங்காலிக் குமாஸ்தா 'ஷிப்நாத்' என்று எழுதிவிட்டான். இன்றைக்கும் சிலிண்டர் ஷிப்நாத் பெயருக்குத்தான் வருகிறது.

கூர்ச்சத்தின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு அப்போதுதான் உறைத்தது. தெரிந்த முன்னோர், தெரியாத முன்னோர் எல்லோருக்கும் என்று தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கையில் மாதங்கியின் ஃபோன் வந்தது. பதிவு நின்றது. பேசி முடித்தவர், தர்ப்பணமும் முடிந்ததாக நினைத்து எழுந்துவிட்டார். வந்தவர்களை அவரவர் இடத்துக்குத் திரும்பிப் போகச் சொல்கிற யதாஸ்தானம் சொல்லவே இல்லை.

வாத்தியாரைக் கூப்பிட்டார்.

"வரச் சொல்லிட்டு அனுப்பாம விட்டுட்டேளா?" என்றார் வாத்தியார். "சரி, பதறாதீங்கோ. ஸ்நானம் பண்ணிட்டு, விட்ட இடத்துலேர்ந்து போட்டுக் கேளுங்கோ. யதாஸ்தானம் சொல்லி முடிச்சை அவுத்துடுங்கோ. இருட்டறதுக்குள்ள பண்ணுங்கோ. தாகத்தோட வந்தவா."

"அவுக்கலைன்னா?"

"நன்னாயிருக்கு. அவா எங்க போவா?"

குளித்துவிட்டு வந்து, செம்பு நிறையத் தண்ணீரும் ஃபோனும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாம்பாளத்துக்கு எதிரே உட்கார்ந்தார். கூர்ச்சத்தை எடுக்கக் கையை நீட்டியபோது சமையலறையில் சத்தம் கேட்டது.

பானையிலிருந்து டம்ளரில் மொண்டு, உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கிற சத்தம். கடைசி மடக்குக்குப் பிறகு சின்னதாக ஒரு செருமல். கண்ணாடி வளையல் மேடைக் கல்லில் உரசுகிற சத்தம். அதோடு கூடவே, கஞ்சி போட்ட நூல் புடவையும் மஞ்சளும் கலந்து, இரண்டு வருஷமாக அலமாரியைத் திறந்து திறந்து அவர் தேடிக் கிடைக்காமல் போன அந்த வாசனை. பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட அழுகைதான் அதிகம் வந்தது.

முடிச்சை அவிழ்த்தால் எல்லோரும் போய்விடுவார்கள். அவளும்தான். அதற்கப்புறம் மறுபடியும் ஃப்ரிட்ஜ், ரயில், ஞாயிற்றுக்கிழமையானால் மகளின் ஃபோன்.

கூர்ச்சத்தைத் தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

"விஜயம்," என்றார் மெதுவாக. "என்ன அவசரம். இருந்துட்டுப் போயேன்."

டம்ளரை மேடையில் வைக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் யாரோ மொண்டார்கள், குடித்தார்கள். இந்தத் தடவை செருமல் கனமாக, ஆண்பிள்ளைச் செருமலாக இருந்தது. அது ஓய்வதற்குள் இன்னொருவர் குடித்தார். பிறகு, பல் இல்லாத வாய் உறிஞ்சுவது போல ஒன்று. குளியலறை வாளியில் கைவிட்டு அள்ளுகிற சத்தம். ஃப்ரிட்ஜ் திறந்தது. பாட்டில்கள் உரசிக்கொண்டன. நனைந்த சாம்பலின் வாடை கூடத்துக்குள் வந்து நிறைந்தது. மஞ்சள் வாசனை அதற்குள் எங்கோ அமுங்கிப்போனது.

தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தெரியாதவர்களுக்குக் கணக்கே இல்லை. எல்லோரையும் அவர்தான் கூப்பிட்டிருந்தார்.

வெளியே முழுக்க இருட்டிவிட்டது.

செம்பை எடுத்தார். காலி. இப்போதுதான் நிரப்பியிருந்தார். காலி.

தன் தொண்டையும் வறண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. எச்சில் ஊறவில்லை. சாதாரண தாகமில்லை அது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்திருக்கப் பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை.

சமையலறைச் சத்தம் நின்றது.

குடிக்க அங்கே இனி ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

கூடத்துத் தரையில் ஈரக் கால்கள் நடந்தன. அவரை நோக்கித்தான். அவசரமில்லாமல். நிறையக் கால்கள்.

கண்களை இறுக மூடிக்கொண்டு ஃபோனைத் தடவி எடுத்தார். போதும். அவள் போனால் போகட்டும். எல்லோரும் போகட்டும். விரலால் அழுத்தினார். சந்தானம் வாத்தியாரின் குரல் வந்தது.

விட்ட இடத்திலிருந்து வரவில்லை. அழைக்கிற இடத்துக்கே போயிருந்தது.

"கோத்ரம் சொல்லி, பேரைச் சொல்லிக்கோங்கோ."

இடைவெளி.

தள்ளிப் போடவேண்டும். யதாஸ்தானம் வருகிற இடத்துக்குப் போகவேண்டும். விரல் அசையவில்லை. ஃபோன் மடியில் விழுந்தது. சுற்றிலும் நடை நின்றது. மூச்சுச் சத்தம் இல்லை. எதிரே, தாம்பாளத்துக்கு அந்தப் பக்கம், வளையல் ஒரு தடவை ஒலித்தது.

"மஹாதேவன்."

அவளுடைய குரல்தான். ஆனால் அந்தக் குரலில் அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை. முதல் தடவை சொல்வதால் இடையில் கொஞ்சம் தடுக்கியது.

தண்ணீர் விழுந்தது. குளிர்ந்த தண்ணீர், எள்ளோடு, அவர் உள்ளங்கையில். தொண்டை வறட்சி கொஞ்சம் அடங்கியது. ஐயோ, எவ்வளவு இதமாக இருந்தது.

கண்ணைத் திறந்தார்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கூடம் முழுக்க, சுவரோடு சுவராக, ஏந்திய கைகள். அவற்றுக்கு மேலே முகம் இருக்கவேண்டிய இடத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. தன் கைகளைப் பார்த்தார். அவையும் சேர்ந்து, குழிந்து, ஏந்தித்தான் இருந்தன. எப்போது ஏந்தினார் என்று தெரியவில்லை. அவற்றுக்கு நேர் மேலே, வளையல் போட்ட கை ஒன்று கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"மஹாதேவன்," என்றாள் மறுபடியும். இந்த முறை தடுக்கவில்லை.

தண்ணீர் விழுந்தது.

கை திரும்பவும் சாய்ந்தது. இன்னும் ஒரு தடவை பாக்கி இருந்தது.