தொண்டை ஒலிவாங்கி

காதில் வைக்கும் இறப்பர் மெத்தென்று இருந்தது. எண்பது வருடத்துக்கு மேற்பட்ட இறப்பர் கருவாடு போல விறைத்து வெடித்திருக்க வேண்டும் என்று வலன்ரைன் சொன்ன பிறகுதான் ஆனந்தராசாவுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்தது. தகப்பனார் படையில் இருந்தபோது வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மன் டாங்கி ஒன்றிலிருந்து கழற்றி வந்த ஹெட்செட் இன்றுவரை பழுதாகாமல் இருப்பது குடும்பத்தின் பராமரிப்புக்குச் சான்று என்றே அவர் நினைத்திருந்தார்.

"ஆரும் போட்டுப் பாவிச்சால்தான் அண்ணை இப்பிடி இருக்கும். தோல் எண்ணெய் படவேணும்."

"எங்கடை வீட்டிலை ஆரும் இதைத் தொட்டதில்லை."

மாசி மாதத்துப் பின்னேரம். புலம்பெயர்ந்து வந்த ஊரான இல்-பிசாரில் மகனுடைய வீட்டு பேஸ்மென்ட். மேலே வீதியில் பனி வழிக்கும் வாகனம் தாரைச் சுரண்டிக்கொண்டு போய், திரும்பி, மறுபடி சுரண்டியது. சூடாக்கியின் தகடுகள் ஒவ்வொன்றாக விரியும் சத்தமும், ஈரக் கம்பளத்தின் புளித்த மணமும், மேசை விளக்கின் மஞ்சள் வட்டமும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. வட்டத்துக்குள் ஹெட்செட்டும், தமையன் நகுலேஸ்வரனின் முப்பத்தோராம் நாளுக்கான கல்வெட்டு என்ற நினைவு மலரின் அச்சுப்படியும் கிடந்தன. ஆறு மணிக்குள் அச்சகத்துக்குச் சரி சொல்ல வேண்டும். தகப்பனாரைப் பற்றிய பக்கத்தில் பொய் இருக்கக்கூடாது. அதற்காகத்தான் பழைய வானொலிகள் சேர்க்கும் மன்னார்க்காரரான வலன்ரைனை நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து வரவழைத்திருந்தார்.

வலன்ரைன் பூதக்கண்ணாடியை விளிம்பில் பிடித்தார். "கம்பெனிப் பெயர் இல்லை. மூண்டு எழுத்து மட்டும். குண்டு போட வாறவனுக்கு ஆலை எங்கை எண்டு தெரியக்கூடாதெண்டு பேந்து பெயரை எடுத்துப்போட்டு எழுத்துத்தான் அடிச்சவங்கள். இதிலை நாற்பத்தொண்டு எண்டு வருசம். இது பரிசோதிச்ச கழுகு முத்திரை. அசல் சாமான், அண்ணை. உங்கடை ஐயா சொன்னது சரி."

ஆனந்தராசா தலையசைத்தார். மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. தமையன் செத்த நாளிலிருந்து எதுவுமே வருவதில்லை.

"இது என்ன?" பட்டியொன்றில் கோத்த இரண்டு கறுப்பு வில்லைகளைக் காட்டினார்.

"தொண்டையிலை கட்டிற மைக். டாங்கிக்குள்ளை எஞ்சின் சத்தத்திலை வாய்ப் பேச்சு எடுபடாது. இது தொண்டை துடிக்கிறதை எடுக்கும். வாயைப் பொத்தினாலும் மற்றவனுக்குக் கேக்கும்." வலன்ரைன் சிரித்தார். "நானெண்டால் மனிசிக்குப் பக்கத்திலை இதைக் கட்டமாட்டன். முணுமுணுக்கிறதெல்லாம் பிடிபட்டிடும்."

அவர் வில்லைகளுக்கு மின்கலமும் மீற்றரும் கொடுத்துவிட்டு அச்சுப்படியைப் புரட்டினார். "நீங்கள் சகோதரங்கள் மூண்டு பேரோ?"

"ஓம். மூண்டு பேர். அண்ணை, நான், குணேஸ்வரி."

மீற்றரின் முள் எழுந்தது. நடுங்கியது. விழுந்தது. வில்லைகளை எவரும் தொடவில்லை.

"உங்கடை குரல் மேசையாலை போகுதாக்கும்," என்றார் வலன்ரைன். ஆனால் மின்கலத்தைச் சற்று அவசரமாகவே கழற்றினார். பனி கூடமுன் போகவேண்டும் என்று தேநீரையும் மறுத்தார்.

குணேஸ்வரி காலையில் ரொக்ஸ்பரோவிலிருந்து தொலைபேசி எடுத்துக் கெஞ்சியிருந்தாள். ஒரு பெயர்தானே அண்ணை, ஒரு வரிதானே. சகோதரி செல்வமலர், காய்ச்சலில் இறந்தவர். ஆனந்தராசா சம்மதிக்கவில்லை. ஒரு வரி போட்டால் எந்த வருடம் என்று கேட்பார்கள். என்ன காய்ச்சல் என்று கேட்பார்கள். செல்வமலர் எவனோடு போக நின்றாள் என்பது வரைக்கும் கேள்வி போகும். அந்த வீட்டில் அவனுடைய பெயரை எவரும் சொன்னதில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாகக் குடும்பம் தலை குனியாமல் நடந்ததற்கு அந்த மௌனமே காரணம். அன்றிரவு தமையன் அவளுடைய காலைப் பிடித்தார். இவர் வாயைப் பொத்தினார். பிறகு கழுத்து. குணேஸ்வரிக்கு அப்போது பன்னிரண்டு வயது, அடுத்த அறையில் நித்திரை.

அவர் அதை நினைத்தபோது எதையும் உணரவில்லை. உள்ளங்கையில் மட்டும் ஒரு துடிப்பு. அவளுடைய தொண்டை கையின் கீழ் துடித்தது நினைவிருந்தது. சத்தம் வெளியே வரவேயில்லை.

தகப்பனாரின் பக்கத்துக்கு ஹெட்செட் போட்ட ஒரு படம் வேண்டியிருந்தது; கைத்தொலைபேசியில் தானே எடுக்க நினைத்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஹெட்செட்டைப் போட்டார். பட்டியைக் கழுத்தில் சுற்றிக் கொக்கியை மாட்டினார். காதுகள் அடைத்துக்கொண்டன. பனி வாகனம் இல்லை. சூடாக்கி இல்லை. நீருக்குள் இருப்பதுபோல. வயரின் வெட்டிய முனை மடியில் கிடந்தது.

காதுக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

மூச்சு. நிறுத்தம். மூச்சு.

அவருடையது அல்ல. அவர் மூச்சைப் பிடித்துப் பார்த்தார்.

கொக்கியைத் தேடினார். விரலுக்கு அகப்படவில்லை. பட்டி தோலோடு ஒட்டியிருந்தது.

மேசையில் கைத்தொலைபேசி ஒளிர்ந்தது. குணேஸ்வரி. ஸ்பீக்கரைத் தட்டினார். அவளுடைய குரல் தூரத்தில் கேட்டது.

"அண்ணை, அச்சகத்திலை கேட்டுக்கொண்டு நிக்கினம். கடைசியாக் கேக்கிறன். மலரக்கான்ரை பெயரைப் போடட்டோ?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

வில்லைகள் துடித்தன.

"போடு, குணம்." இளம் குரல். இருபத்தொரு வயதுக் குரல். அது காதுகளுக்குள் மட்டும் ஒலிக்கவில்லை. அவருடைய தொண்டையிலிருந்து அறைக்குள் வந்துகொண்டிருந்தது. "காய்ச்சலெண்டு போடாதை."

உள்ளங்கையால் வாயைப் பொத்தினார். குரல் மங்கவில்லை.

தொலைபேசியில் குணேஸ்வரி மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"மலரக்கா?"

"ஓம்."

"நான் அண்டைக்கு முழிச்சுத்தான் கிடந்தனான் அக்கா." தாள் புரளும் சத்தம். "சொல்லுங்கோ. எழுதிறன்."

குரல் ஒழுங்காகச் சொல்லத் தொடங்கியது. எந்த மாதம். எந்த அறை. ஆர் காலைப் பிடித்தது. ஆனந்தராசாவின் மற்றக் கை கழுத்துக்குப் போனது. எங்கே அழுத்தவேண்டும் என்று பெருவிரலுக்குத் தெரிந்திருந்தது. அழுத்தினார். விளக்கின் மஞ்சள் வட்டம் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. வாய் இறுக மூடியிருந்தது. பெருவிரலுக்குக் கீழே அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.