பானெட்டுக்கு அடியில சூடு

வியாழக்கெழமையில இருந்து வண்டி நகரல. அப்புறம் இன்ஜின் எப்படிங்க சூடா இருக்கும்?

ஸ்வென்யா மறுபடியும் கைய வெச்சுப் பாத்தா. இன்ஜின் மேல கெடக்குற மெத்து விரிப்பு, நடுவுல மட்டும், இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போன படுக்கை மாதிரி வெதுவெதுன்னு இருந்துச்சு. வெளியில நவம்பர் மாசத்துப் பனிமூட்டம். சாயங்காலமே ஊரு மொத்தமும் இருட்டிப் போய், ஈர இலை வாசனையும் விறகுப் புகையும் காரேஜ் கதவு இடுக்கு வழியா உள்ள வந்துக்கிட்டே இருந்துச்சு.

கதவச் சாத்தித்தான் வெச்சிருந்தா. சொந்த வீடே ஆனாலும் அந்த ஊர்ல முத்தத்துல இன்ஜின் கழுவக் கூடாது, எண்ணெய் மண்ணுல எறங்கிரும்னு அபராதம் தீட்டிருவாங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழமை, அன்னைக்குச் சத்தமே போடக் கூடாத ஊரு, வாளி உருண்டாக்கூட தெருவே ஜன்னல்ல நிக்கும். திங்கக்கெழமை வண்டிய சோதனைக்கு விடணும். அதான் இன்னைக்கே, கமுக்கமா, அடியில பெரிய தட்டம் வெச்சுக்கிட்டு.

புருசன் ஹென்ரிக் லாரி ஓட்டிக்கிட்டு டென்மார்க்ல இருக்கான். மாடியில, காரேஜுக்கு நேர் மேல, கைப்புள்ள ஃப்ரீடா தூங்குது. தொட்டில் பக்கத்துல ஒரு மைக்கு, அந்தச் சத்தத்த இங்க கொண்டாந்து குடுக்குற சின்ன ரேடியோப் பெட்டி அலமாரித் தட்டுல. புஸ்ஸு புஸ்ஸுன்னு புள்ளையோட மூச்சு. ரெண்டு தடவ வயித்துலயே கலைஞ்சு, மூணாவதாத் தங்குன புள்ள. அந்த மூச்சுதாங்க அவளுக்கு எல்லாமே.

மத்தியானம் பக்கத்து வீட்டு கோர்டுலா வேலி மேல கைய ஊனிக்கிட்டு, "என்னடி, கையுறையும் பிரஷ்ஷுமா? ஆபரேசனா?"ன்னு கேட்டா.

"மரநாய் திரும்ப வருதுடி. இன்ஜினுக்குள்ள உருட்டுது. வாசனை போகக் கழுவிட்டா வராதாமே."

"வேற மரநாய்னா வராது." கோர்டுலா மூஞ்சில சிரிப்பக் காணோம். "இது அந்தத் தாய்டி. வண்டியவா தேடி வருது?"

"ஏய், வாய மூடு. பயமுறுத்தாத."

"நான் பயமுறுத்துறேனா? கொஞ்ச நாள் பொறு, குட்டிங்க கண்ணு தெறந்து அதுங்களாப் போயிரும்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு, நீ கேட்டியா?"

கேக்கலைங்க. ஏப்ரல் மாசம். மரநாய் வண்டி வயரக் கடிச்சுக் கடிச்சு நடுரோட்ல நிக்க வெச்ச ஆத்திரம் அவளுக்கு. பானெட்டத் தெறந்தா, மெத்துல நாலு குட்டி, கண்ணு தெறக்காம, ஒண்ணு மேல ஒண்ணு. காரேஜுல வெந்நிக் குழாய் உண்டு. நல்லாக் கொதிக்கிற வெந்நி. ரப்பர் பைப்ப மாட்டி, முனைய குட்டிங்க மேல காட்டித் திருகிட்டா.

விறகு அடுக்கு மேல தாய் உக்காந்திருந்துச்சு. கீரி உடம்பு, கழுத்துல மட்டும் வெள்ளைச் சட்டை. கத்தல. ஓடல. அவ மூஞ்சியப் பாத்துச்சு. அப்புறம் அவ வயித்தப் பாத்துச்சு.

சரி, பழச நெனச்சு என்ன ஆகப் போவுது. ஸ்வென்யா மொறைப்படிதான் செஞ்சா. பேட்டரியோட மைனஸ் வயரக் கழட்டி ஓரமா ஒதுக்கினா. பேட்டரிக்கும், ஃப்யூஸ் பெட்டிக்கும், காத்து இழுக்குற வாய்க்கும் பிளாஸ்டிக் பை போட்டு ரப்பர் பேண்டால கட்டினா. எண்ணெய்ப் பிசுக்கு மேல மருந்தடிச்சு, ஊற வெச்சு, மெத்துப் பிரஷ்ஷால தேய்ச்சா. பைப்பத் தொடவே இல்ல. பச்சத்தண்ணி வாளியும் துணியும் போதும். பைப்பு ஏப்ரல்ல மாட்டுன அதே ஆணியில தொங்குது. குழாய் இறுக்கி மூடியிருக்கு. அத ரெண்டு தடவ திரும்பிப் பாத்துக்கிட்டா.

மெத்து விரிப்பத் தூக்கினா. அடியில முட்டை ஓடு. ஒரு புறா றெக்கை. எல்லாம் மரநாய் கொண்டாந்து போடுற குப்பைதான். இன்னும் உள்ள கைய விட்டா ஏதோ மெத்துன்னு சிக்குச்சு. இழுத்தா.

மஞ்சக் கம்பளிக் காலுறை. கட்டை வெரல் நீளம்.

மத்தியானம் அவதான் ஃப்ரீடா காலுல மாட்டிவிட்டா.

அது ஈரமா இருந்துச்சு. நக்கி நக்கி ஊறுன ஈரம். சூடு வேற.

ரேடியோப் பெட்டியில மூச்சு நின்னு போச்சு.

அவளும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஒண்ணும் இல்ல. அப்புறம் பெட்டிக்குள்ள இருந்து ஒரு சத்தம். க்ளுக். க்ளுக். தொண்டைக்குள்ளயே கொஞ்சுற சத்தம். குட்டிங்களக் கூப்புடுற சத்தம்.

ஓடினா. படி தடுக்குச்சு. முட்டி பேந்துச்சு. ஓடினா.

ரூமு இருட்டு. தொட்டில்ல போர்வை ஏறி ஏறி எறங்குது. புஸ்ஸு. புஸ்ஸு. "என் தங்கமே, பயந்தே போயிட்டேன்டி"ன்னு அழுகையும் சிரிப்புமா போர்வைய வெலக்கினா.

நாலு.

நனைஞ்சு, ஆவி பறக்க, ஒண்ணு மேல ஒண்ணு. கண்ணு தெறக்கல. ஒண்ணு தலையத் தூக்கித் தடவித் தடவி அவ வெரலத் தேடிப் பிடிச்சு, சப்ப ஆரம்பிச்சுது.

புள்ளையக் காணோம்.

கீழ டமார்னு ஒரு சத்தம். பானெட்டு மூடுன சத்தம். அதுக்குள்ள இருந்து, தகரத்துக்குள்ள இருந்து, ஃப்ரீடா அழுவுறா.

எறங்கினா. வீட்டுக்கும் காரேஜுக்கும் நடுவுல இருக்கிற கதவு காரேஜ் பக்கமாத் தாழ் போட்டிருக்கு. இடிச்சா. ஒதைச்சா. அசையல. கதவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. மூஞ்சிய அதுல அழுத்திக்கிட்டுப் பாத்தா.

ஆணி காலி.

பைப்பு தரையில வளைஞ்சு வளைஞ்சு போய், முனை பானெட்டு இடுக்குக்குள்ள சொருகிக் கெடக்கு. குழாய் மேல அது உக்காந்திருக்கு. வெள்ளைச் சட்டை.

அவ மூஞ்சியப் பாத்துச்சு. அப்புறம் அவ வயித்தப் பாத்துச்சு.

குழாய்க்கிட்ட இருந்து பைப்பு மெதுவா உப்பிக்கிட்டே வர ஆரம்பிச்சுது.