பூட்டிய வண்டியில் ஏறிய எண்ணெய்

வியாழக்கிழமை, காலை ஆறு நாற்பது. கார் ஷெட்டிலிருந்து கேட்ட அலறலில் ஊசியக்கா வாயில் நுரையும் கையில் பிரஷ்ஷுமாக ஓடினாள். அவள் கணவர், பூட்டுக்கடைக்காரர், திறந்த பானெட்டுக்கு முன்னால் எண்ணெய் பார்க்கும் குச்சியைப் பிடித்தபடி பேயறைந்தவர் மாதிரி நின்றிருந்தார்.

"ஏறியிருக்கு. மறுபடியும் ஏறியிருக்கு!"

எஞ்சின் எண்ணெய் குறைந்ததற்காகக் கத்துகிறவர்கள் உண்டு. கூடியதற்காகக் கத்திய முதல் மனிதர் இவராகத்தான் இருக்கும். குச்சியில் இரண்டு கோடுகள். எண்ணெய் அவற்றுக்கு நடுவில் நிற்க வேண்டும். இப்போது மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. திருட்டு என்று சொல்லவும் வழியில்லை. வந்தவன் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை, வைத்துவிட்டுப் போயிருக்கிறான். போலீஸுக்குப் போனால் என்னவென்று எழுதிக் கொடுப்பது?

அப்படி ஒருவன் வந்திருக்கவும் முடியாது. பூட்டு விற்பவரின் ஷெட் அது. ஷட்டருக்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் அவர் இடுப்பில். பகலில் வண்டி கடை வாசலில், அவர் கண்ணெதிரே நிற்கும். போதாக்குறைக்கு இரண்டு வாரம் முன்பு பானெட்டின் குறுக்கே காகிதம் ஒட்டிக் கையெழுத்தும் போட்டு வைத்தார். இன்று காலை அதை அவரே பிரித்தார். ஒரு மூலைகூடக் கிழியவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தும் எஞ்சினில் எண்ணெய் ஏறுகிறதே என்று அவருக்கு அழுகை வந்தது.

"யாரு வேலைன்னு எனக்குத் தெரியும்," என்றார் பல்லைக் கடித்தபடி.

ஊசியக்காவுக்கும் அவர் யாரைச் சொல்கிறார் என்று தெரியும். அவளுடைய தம்பியைத்தான்.

கதை இரண்டு மாதம் பழையது. புது டீசல் கார், முதல் சர்வீஸ். ஷோரூமில் டை கட்டிய சர்வீஸ் அட்வைசர் குச்சியை உருவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "யாரோ வெளி எண்ணெய் ஊத்தியிருக்காங்க சார். இன்னொரு தடவை இப்படிப் பார்த்தோம்னா எஞ்சின் வாரண்டி கிடையாது." புது எண்ணெய் மாற்றி அவர் நீட்டிய பில்லைப் பார்த்துப் பூட்டுக்கடைக்காரருக்கு மயக்கமே வந்தது. அந்த பில்லை வீட்டில் உரக்க வாசித்தபோதுதான் தம்பி, சும்மா இருக்காமல் சிரித்துத் தொலைத்தான். அவன் மெக்கானிக், சொந்தப் பட்டறை.

"என்கிட்ட விட்டிருந்தா பாதிக் காசு மாமா. வாரண்டி முடியட்டும், தானா என் பட்டறைக்கு வந்து நிப்பீங்க."

அந்தச் சிரிப்பே சாட்சியாகிவிட்டது. வாரண்டியைக் கெடுத்துத் தன் பட்டறைக்கு இழுக்கப் பார்க்கிறான் என்று மாமா முடிவு கட்டினார். பல வருஷமாக அவனிடம் இருந்த வீட்டுச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அன்றோடு பேச்சு நின்றது.

வரும் ஞாயிற்றுக்கிழமை தம்பி மூன்று மணி நேரத் தூரத்திலிருக்கும் துறைமுக ஊரில் பெரிய பட்டறை திறக்கிறான். ரிப்பன் வெட்ட அக்காதான் வரவேண்டும் என்று சொல்லியிருந்தான். 'அந்தப் பய கடைக்கு என் வண்டி வராது' என்று மாமாவும் சொல்லிவிட்டார். பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் புருஷனை வீட்டில் விட்டுவிட்டுத் தம்பி வாசலில் தனியாகப் போய் நிற்பதை நினைக்கவே அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

அழுது பிரயோஜனமில்லை. ஊசியக்கா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிறவள். ஊசியைப் பார்த்து அலறுகிறவர்களை நாள் பூராவும் சமாளிக்கிறவளுக்கு இந்த அலறல் புதிதில்லை. கணவர் குச்சியைத் துடைத்த கர்ச்சீப்பைக் கையில் வாங்கினாள். நேற்று அவளே துவைத்து மடித்தது. மோந்து பார்த்தாள்.

"கடைசியா டீசல் எப்பப் போட்டீங்க?"

"போன மாசம். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

மதியம் ஒரு மணி. தம்பியின் பட்டறை. அவன் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். அக்காவின் செருப்பைப் பார்த்ததும் வெளியே ஊர்ந்து வந்தான்.

"நீ ஊத்தினியாடா?"

"அக்கா!"

"ஆமாவா, இல்லையா?"

"இல்ல. ஒரு லிட்டர் நல்ல எண்ணெய் என்ன விலை தெரியுமா? மாமா மேல கோபம்னா டயர்ல காத்தைப் புடுங்குவேன். அதுக்குச் செலவே கிடையாது."

ஊசியக்கா சிரித்துவிட்டாள். இது உண்மையான மெக்கானிக்கின் பதில் என்று அவளுக்குப் பட்டது.

"இந்த வேன் எங்கெல்லாம் போகும்?"

"ஊர் ஊராச் சரக்கு ஏத்திட்டுப் போகும். உக்காரவே உக்காராது."

"இதோட பழைய எண்ணெய் ஒரு சின்ன பாட்டில்ல குடு. இன்னொண்ணுல டீசல்."

"எதுக்கு?"

"ரத்தப் பரிசோதனை."

சாயங்காலம் ஏழு மணிக்குக் கணவரின் கடைக்குப் போய், அவரோடு காரில் திரும்பினாள். சீட்டுகளில் கம்பெனி பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் போட்டது. மீட்டருக்குப் பக்கத்தில் நகமளவுக்கு ஒரு விலைச் சீட்டு ஒட்டியிருந்தது.

"இது என்னங்க?"

"பத்து நாளா ஒரு மஞ்சள் விளக்கு எரியுது. கண்ணைக் கூசுச்சு, ஒட்டிட்டேன்."

ரேடியோவில் ஆரம்பித்த பாட்டின் பல்லவி முடிவதற்குள் வீடு வந்துவிட்டது. மூன்றே தெரு. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் முன்பக்கம் ஃபேன் ஹோவென்று சுற்றியது. ஏதோ கருகிய வாசனை.

"தினமும் இப்படித்தானா?"

"பெரும்பாலும். ஓடின களைப்பு, மூச்சு வாங்குது பாவம்."

"நடந்தே போகலாமேங்க, இவ்வளவு கிட்டத்துக்கு?"

"வண்டியை வாங்கிட்டு நடக்கிறதா? காலைல போறேன், சாப்பிட வர்றேன், திரும்பப் போறேன், ராத்திரி வர்றேன். அதுக்கு மேல ஒரு அடி ஓட்டினதில்ல. தேய்மானம் பாரு. பூ மாதிரி வெச்சிருக்கேன்!"

ஊசியக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். கணவர் குளிக்கப் போன நேரத்தில் பானெட்டைத் திறந்து, லேபிலிருந்து கொண்டுவந்த வடிகட்டும் தாளில் ஒரு சொட்டு வைத்தாள்.

சனிக்கிழமை, காலை பத்து. ஷோரூமின் கண்ணாடி அறை. சர்வீஸ் அட்வைசர் டையை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூட்டுக்கடைக்காரர் அவருக்கு எதிரில். அக்கா கூப்பிட்டாளே என்று வந்த தம்பி, மாமாவைப் பார்த்ததும் கதவோரமே நின்றுகொண்டான்.

ஊசியக்கா மேஜையில் மூன்று தாள்களைப் பரப்பினாள்.

"முதல் தாள் எங்க கார். ரெண்டாவது, தூர தூரமா ஓடுற ஒரு வேனோட பழைய எண்ணெய். மூணாவது, அதே வேன் எண்ணெய்ல நானே கொஞ்சம் டீசல் கலந்தது. பாருங்க."

வேனின் சொட்டு கறுப்பாக ஒரே வட்டமாக நின்றது. மற்ற இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்: நடுவில் கறுப்பு, அதைச் சுற்றி வெளுத்த ஈர வளையம்.

"எங்க வண்டில ஏறினது எண்ணெயே இல்ல சார். டீசல்."

பூட்டுக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். "டீசலையா ஊத்தினான்? அடப்பாவி!"

"உக்காருங்க. மூணு பூட்டையும் தொடாம, உங்க கையெழுத்து கிழியாம, எஞ்சினுக்குள்ள டீசல் விட்டது ஒரே ஆள்தான். ஒரு நாளைக்கு நாலு தடவை, சாவி போட்டு."

"யாரு அவன்?"

"நீங்கதாங்க."

கதவோரத்தில் ஒரு இருமல் சிரிப்பை விழுங்கியது.

"ஏன் சார்," என்று அட்வைசர் பக்கம் திரும்பினாள், "டீசல் வண்டியோட புகைக்கரி எங்க சேரும்?"

"பின்னாடி குழாய்ல ஒரு வடிகட்டி இருக்கு மேடம்."

"அது நிறைஞ்சா?"

"வண்டியே கூடுதலா டீசலைப் பீய்ச்சி, சூடாக்கி, கரியை எரிச்சுடும். அதுக்குக் கொஞ்ச நேரம் விடாம ஓடணும்..."

"ஓடாம, பாதில அணைச்சுட்டா?"

அட்வைசரின் கை டையில் அப்படியே நின்றது. "எரியாத டீசல் எஞ்சினுக்குள்ள வழிஞ்சு... எண்ணெயோட கலந்து..." என்று இழுத்தார். "சார், நீங்க தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?"

"மூணு தெரு," என்றார் பூட்டுக்கடைக்காரர், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல.

"எரிக்க முயற்சி பண்ணித்தான் ஃபேன் சுத்துச்சு, கருகின வாசனை வந்துச்சு. முடியலைன்னு மஞ்சள் விளக்கு போட்டுச் சொல்லுச்சு. அது மேல நீங்க விலைச் சீட்டு ஒட்டினீங்க," என்றாள் ஊசியக்கா. "எனக்கு அந்தக் கர்ச்சீப்தான் காட்டிக் குடுத்துச்சு. இந்த மாசம் பங்க் பக்கமே போகாதவரோட கர்ச்சீப், எண்ணெய்க் குச்சியைத் துடைச்சதும் டீசல் நாத்தம் அடிக்குது. நீங்க எவ்வளவு ஏறிச்சுன்னு அளந்தீங்களே, ஏறினது என்னன்னு ஒரு தடவை மோந்து பார்க்கலையே!"

அட்வைசர் நல்ல மனிதர். எழுந்து நின்றே மன்னிப்புக் கேட்டார். "நான் அன்னிக்கே கேட்டிருக்கணும் சார். வெளி எண்ணெய்னு சொன்னது என் தப்பு. வாரண்டி அப்படியே இருக்கு. ஆனா இந்த எண்ணெயை உடனே மாத்தணும். அந்தச் செலவு மட்டும் வாரண்டில வராது."

"வெளியில மாத்தினா வாரண்டி போயிடுமா?" என்று கேட்டாள்.

"எங்க கம்பெனில அப்படி இல்ல மேடம். நாங்க சொல்ற ரகம் எண்ணெய், ஒழுங்கான பில், ரெண்டும் இருந்தா போதும். எங்க வேணா மாத்தலாம். அப்புறம் வாரம் ஒரு தடவை ஹைவேல அரை மணி நேரமாவது விரட்டி ஓட்டுங்க."

"மூணு மணி நேரம் ஓட்டினா?"

"ரொம்பவே நல்லது மேடம்."

பூட்டுக்கடைக்காரர் தன் சாவிக் கொத்தை விரலால் உருட்டினார். அப்புறம் தலையை நிமிர்த்தாமல் கதவோரத்தில் நின்றவனிடம் கேட்டார். "அந்த ரகம் எண்ணெய் உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு மாமா."

"பாதிக் காசுதானே?"

"உங்களுக்கு முழுக் காசு," என்றான் தம்பி. முதலில் சிரித்தவர் அட்வைசர்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சீட்டு உறைகளை ஊசியக்காவே உரித்தெறிந்தாள். புது எண்ணெயோடு கார் ஹைவேயில் ஏறியதும் கணவர் முதலில் பயந்து பயந்து ஓட்டினார். முதல் சுங்கச்சாவடி தாண்டியதும் பாட ஆரம்பித்துவிட்டார். சுருதி சேரவில்லை, அவளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. பாதி வழியில் அவள் விலைச் சீட்டைப் பிய்த்துப் பார்த்தாள். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது.

புதுப் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி அணைத்தார். ஃபேன் சுற்றவில்லை. ஊசியக்கா ரிப்பனை வெட்டினாள்; தம்பிக்கு வாயெல்லாம் பல். மாமா காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு கனத்த பெட்டியை எடுத்து நீட்டினார். தன் கடையிலேயே பெரிய பூட்டு.

தம்பி திறந்து பார்த்தான். பூட்டோடு பளபளக்கும் சாவி இரண்டு. அவற்றோடு ஒரே கயிற்றில், தேய்ந்து மங்கிய மூன்றாவது ஒன்று.

"இது இந்தப் பூட்டுக்குச் சேராதே மாமா?"

பூட்டுக்கடைக்காரர் திரும்பிப் பட்டறைப் பெயர்ப் பலகையை ரொம்பக் கவனமாகப் படித்தார்.

"நம்ம வீட்டு வாசக் கதவுது," என்றார். "எப்ப வேணா வா மச்சான். தட்டாத, திறந்துட்டு வா."