சட்டத்துக்குள் ஒளிந்த பம்பரம்

காரைக்குடியில் அழகுசுந்தரம் செட்டியார் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி வருவதற்கு முன்னால் படத்தைக் காட்டிவிடுவார்கள்.

கூடத்தின் நடுச் சுவரில் அது மாட்டியிருந்தது. இரண்டு முழ உயரம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர் அழகுசுந்தரத்தின் தகப்பனார். நெற்றியில் திருநீறு, பார்வையில் கண்டிப்பு. கூடத்தின் எந்த மூலையில் நின்றாலும் அவர் நம்மையே பார்ப்பார்.

"ரங்கூன்ல ஒரு வெள்ளைக்காரன் வரைஞ்சது. எங்க அப்பச்சி ஒம்பது நாள் அசையாம உக்காந்திருந்தாக" என்று அழகுசுந்தரம் சொல்வார். அங்கே அப்பாவை அப்பச்சி என்றுதான் அழைப்பார்கள். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். பிறகுதான் காபி.

அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் பொய் சொன்னதில்லை என்று ஊரில் பேச்சு. அதனால் ஊரும் நம்பியது.

அவருடைய மகள் சிட்டாளும் நம்பினாள். அவளுக்குப் பத்து வயது. ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணி வரை நம்பினாள்.

மறுநாள் படைப்பு. வருடத்துக்கு ஒரு முறை பங்காளிகள் எல்லோரும் ஒரே கூடத்தில் கூடி, முன்னோருக்குப் புது வேட்டியும் சேலையும் வைத்துக் கும்பிடும் நாள் அது. அதற்கு முன் படங்களை இறக்கித் துடைப்பது வழக்கம். சமையல்கார அக்கம்மாள் முக்காலியில் ஏறிப் படத்தை இறக்கினாள். சிட்டாள் கீழே நின்று தாங்கினாள்.

"மெதுவா, சின்ன ஆச்சி. விழுந்துச்சுன்னா பெரிய செட்டியாரு என்னையத்தான் முறைப்பாக."

"அவுக இப்பவே முறைச்சிக்கிட்டுத்தான் இருக்காக, அக்கம்மா."

படத்தைப் பாயில் கவிழ்த்து வைத்தார்கள். ஆணிகள் துருப்பிடித்துப் போயிருந்தன. சிட்டாள் துணியால் ஒரு இழுப்பு இழுத்தாள், அவ்வளவுதான். பின்பலகை கழன்றது. கண்ணாடியோடு ஒட்டியிருந்த அகலமான தங்கநிறப் பட்டை ஒருபக்கம் விழுந்தது. படம் தனியாக அவள் மடியில் வந்து சாய்ந்தது.

பட்டை மறைத்திருந்த இடத்தை அவள் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் ஒரு பம்பரம் கிடந்தது. பச்சை நிறம், நடுவில் ஒரு சிவப்பு வளையம். பக்கத்தில் சாட்டைக் கயிறு. அதற்குக் கீழே பொடி எழுத்தில்:

கா. முத்துவீரன், காரைக்குடி, 1934.

சிட்டாள் அதை இரண்டு தரம் படித்தாள்.

"அக்கம்மா, இதைப் பாத்தியா?"

அக்கம்மாள் குனிந்து பார்த்தாள். உடனே நிமிர்ந்துகொண்டாள். "நான் எதையும் பாக்கல. எனக்கு எழுத்தும் தெரியாது, பம்பரமும் தெரியாது. அடுப்புல பருப்பு கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

முத்துவீரன் என்ற பெயரைச் சிட்டாள் நேற்றுத்தான் கேட்டிருந்தாள். வகுப்பில் ஓவிய ஆசிரியர் சத்தியமூர்த்தி சொன்னார். "புதுவயல்ல அரிசி மில் லாரிகளுக்குப் பேர் எழுதுறாரே ஒரு பெரியவர், அவர் யாரு தெரியுமா?"

"நம்பர் பிளேட் தாத்தா!" என்று பின்பெஞ்சு கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள்.

சார் சிரிக்கவில்லை. "அவர் வாலிப வயசுல இந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் படம் வரைஞ்சவர். எதுலயும் பேர் தெரியல. சென்னையில ஒரு கண்காட்சி வைக்கிறாங்க, மறந்துபோன ஓவியர்களுக்காக. திங்கட்கிழமை அங்கேயிருந்து ஆள் வராரு. பேர் போட்ட படம் ஒண்ணாவது காட்டணும். இல்லேன்னா அவர் அடுத்த ஊருக்குப் போயிடுவாரு. அதுக்கப்புறம் யாரும் தேடி வரமாட்டாங்க."

அந்தப் படம் இப்போது சிட்டாளின் மடியில் இருந்தது.

சொன்னால், நாளைக்கு அத்தனை பங்காளிகள் முன்னால் அப்பச்சியின் வார்த்தை பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் அந்தத் தாத்தா கடைசி வரை லாரிக்குத்தான் பேர் எழுதுவார். படத்திலிருந்த பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு பழைய வேட்டியால் அவரை மூடினாள்.

மத்தியானம் பாதிச் சோற்றில் எழுந்தாள். 'வீட்டுப்பாடத்தில் சந்தேகம்' என்று ஆத்தாளிடம் சொல்லிவிட்டுப் பக்கத்துத் தெருவில் இருந்த சத்தியமூர்த்தி சார் வீட்டுக்குப் போனாள்.

அங்கே வாசலில் சாருக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நகங்களில் நீலப் பெயிண்ட். யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வாங்க ஆச்சி" என்றார் அவர். செட்டியார் வீட்டுப் பெண் பத்து வயதானாலும் ஊராருக்கு ஆச்சிதான்.

சிட்டாள் வாசற்படியில் நின்றாள். நேராகக் கேட்க அவளுக்கு மனமில்லை. வீட்டு விஷயத்தை வெளியில் கொட்டுவது அந்த வீட்டுப் பிள்ளைக்கு அழகில்லை.

"தாத்தா, நீங்க எப்பவாச்சும் பம்பரம் வரைஞ்சிருக்கீகளா?"

பெரியவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "ஒரே ஒரு தடவை. ஒரு பெரிய செட்டியாரை வரைஞ்சுக்கிட்டு இருந்தேன். அவுக மகன், எட்டு வயசு இருக்கும். அவன் பம்பரம் நாற்காலிக்கு அடியில உருண்டுருச்சு. அப்பச்சி அசையக் கூடாதுல்ல? எடுக்கவும் முடியல. என்னா அழுகை! 'அழாதப்பா, உன் பம்பரத்தையும் சேத்து வரையிறேன்'னேன். அப்பத்தான் வாய மூடுனான்."

"அதுல பேர் போட்டீகளா?" சார் பரபரப்பாகக் கேட்டார்.

"எல்லாத்துலயும் போட்டேன் சார். அந்தச் செட்டியாருதான் 'பேரைப் போடுப்பா, நாளைக்கு யாருன்னு தெரிய வேணாமா'ன்னு சொன்னாக. ஆனா மதுரையில சட்டம் போட்டாக. தங்கப் பட்டை எம்புட்டு அகலமோ அம்புட்டு கௌரவம், அந்தக் காலத்துல. பட்டை அகலமாச்சு, என் பேரு அதுக்குள்ள போயிருச்சு."

"எந்த வீடு? சொல்லுங்க, இப்பவே போய்க் கேக்குறேன்!"

"சொல்ல மாட்டேன் சார்." முத்துவீரன் தலையை ஆட்டினார். "அந்த வீட்டுல அதை வேற மாதிரி சொல்லிக்கிட்டு இருக்காக. அவுக மேல குத்தமில்ல, ஏதோ சொல்லிட்டாக. நான் போயி நின்னா பங்காளிக சிரிப்பாக. பெரிய மனுசன் வீட்டுக்கு என்னால ஒரு குறை வரக் கூடாது."

சிட்டாள் வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கேட்க மறந்தே போனாள்.

திருப்பத்தூர் சந்தையில் வாழை இலை வாங்கப் போயிருந்த அழகுசுந்தரம் சாயங்காலம் வந்தார். சுவர் வெறுமையாக இருப்பதைப் பார்த்தார்.

"படம் எங்கே?"

சிட்டாள் வேட்டியை விலக்கிக் காட்டினாள். அவர் பெயரைப் பார்த்தார். முகம் கல் மாதிரி ஆகிவிட்டது.

"பட்டையை வச்சு ஆணி அடிக்கச் சொல்லு. இப்பவே. இதை யாரும் பாக்கல."

"சரி, அப்பச்சி."

அவள் நகரவில்லை.

"என்ன?"

"அப்பச்சி, அந்தப் பம்பரம் உங்களுதா?"

அவர் மெதுவாகக் குனிந்தார். அவருடைய விரல் அந்தச் சிவப்பு வளையத்தைத் தொட்டது. எப்போதும் நிமிர்ந்தே இருக்கும் அந்த முதுகு வளைந்ததை அவள் முதல் முறையாகப் பார்த்தாள்.

"நீங்கதான் அழுதீகளா?"

"யார் சொன்னா?" என்றார் சட்டென்று. பிறகு, "கொஞ்சம்தான் அழுதேன்" என்றார்.

சிட்டாளுக்குச் சிரிப்பு வந்தது, பயத்தில் வெளியே வரவில்லை.

அழகுசுந்தரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பொன்னழகு இருக்கானே, உன் சித்தப்பன். அப்ப அவனுக்கு ஏழு வயசு. அவுக வீட்டுப் படம் பினாங்குலேயிருந்து கப்பல்ல வந்துச்சுன்னு பீத்திக்கிட்டான். நான் சும்மா இருப்பேனா? எங்க வீட்டுது ரங்கூன் வெள்ளைக்காரன் வரைஞ்சதுன்னேன். அவன் எல்லார்க்கிட்டயும் போய்ச் சொன்னான். பெரியவுக என்னைய விசாரிக்கல. சிரிச்சுட்டு விட்டுட்டாக. அப்படியே நின்னு போச்சு. முப்பத்துநாலு வருசம். இப்ப மாத்திச் சொன்னா இந்த வீட்டு வார்த்தைக்கு யார் மதிப்புக் குடுப்பா?"

சிட்டாள் தான் கேட்டதை மட்டும் சொன்னாள். "முத்துவீரன் தாத்தாவை சார் வீட்டுல பாத்தேன். சென்னைக் கண்காட்சிக்காக சார் எம்புட்டோ கேட்டுப் பாத்தாக. தாத்தா நம்ம வீட்டுப் பேரைச் சொல்லவே இல்ல, அப்பச்சி. நம்ம வீட்டுக்கு ஒரு குறை வரக் கூடாதுன்னுட்டாக."

அழகுசுந்தரம் நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா சொன்னாரு?"

"ஆமா. பங்காளிக சிரிப்பாகன்னு சொன்னாக."

சமையற்கட்டில் அக்கம்மாள் பாத்திரம் உருட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"இந்தப் பட்டையை வைக்காமலே சட்டம் போட முடியுமா?" என்றாள் சிட்டாள் மெல்ல.

"போய்ப் படு" என்றார் அப்பச்சி.

மறுநாள் காலை கூடத்துக்கு ஓடி வந்தாள். சுவரில் படம் இல்லை. பாயிலும் இல்லை. அப்பச்சியும் இல்லை. படத்தைப் பூட்டி வைத்துவிட்டாரோ? அல்லது, அந்தப் பெயரைச் சுரண்டிவிட்டாரோ?

பதினோரு மணிக்குப் பங்காளிகள் வந்துவிட்டார்கள். வேட்டி, சேலை, படையல் இலை எல்லாம் தயார்.

"அண்ணனோட ரங்கூன் படத்தைக் காணோமே! வெள்ளைக்காரன் வந்து திருப்பி வாங்கிட்டுப் போயிட்டானா?" என்று பொன்னழகு சித்தப்பா குரலெடுத்தார். நாலைந்து பேர் சிரித்தார்கள். சிட்டாள் தூணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் சத்தம் கேட்டது. அழகுசுந்தரம் படத்தோடு வந்தார். தங்கப் பட்டை இல்லை. சட்டம் மட்டும். பம்பரமும் பெயரும் பளிச்சென்று தெரிந்தன. அதை அவரே சுவரில் மாட்டினார். பிறகு படையலுக்கு முன் போய் நின்று கைகூப்பினார்.

"அப்பச்சி முன்னால நின்னுக்கிட்டு நான் பொய் சொல்ல முடியாது. எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தப் படத்தை வரைஞ்சது நம்ம புதுவயல் முத்துவீரன். வரைஞ்ச இடம் இதே கூடம்."

பங்காளிகள் படத்தையும் பொன்னழகையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அப்ப அந்த வெள்ளைக்காரன்?" என்றார் பொன்னழகு.

"அவன் எட்டு வயசுப் பய வாயில பொறந்தவன். அந்தப் பய நான்தான்." அழகுசுந்தரத்தின் முதுகு பழையபடி நிமிர்ந்திருந்தது. "வேற யாருக்காச்சும் எதுவும் கேக்கணுமா?"

மூத்த பங்காளி ஒருவர் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "பம்பரம் ரொம்ப நல்லா இருக்கு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. கும்பிட ஆரம்பித்தார்கள்.

படைப்பு பங்காளிகளுக்கு மட்டும்தான். சாப்பாடு அப்படியில்லை. முதல் பந்தியில், அழகுசுந்தரத்துக்குப் பக்கத்து இலையில் முத்துவீரன் உட்கார்ந்திருந்தார். காலையில் புதுவயலுக்கே போய் அழைத்து வந்திருந்தார் அப்பச்சி. சட்டத்தைச் சரிசெய்ததும் முத்துவீரன் கைதான்.

"இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்து, அக்கம்மா" என்றார் அப்பச்சி.

"இவுகளுக்கு இல்லாததா?" என்றாள் அக்கம்மாள். "அந்தப் பேரை நான்தான் மொதல்ல பாத்தேன்."

பொன்னழகு சித்தப்பா மட்டும் மோருக்குக் காத்திராமல் எழுந்து போனார். அரை மணி நேரத்தில் தன் வீட்டுப் பினாங்குப் படத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். அதன் பட்டையையும் கழற்றியிருந்தார். கீழே ஒரு பூனையின் வால் தெரிந்தது. வாலுக்குப் பக்கத்தில் 'கா. முத்துவீரன்'.

"என் வீட்டுலயும் இருக்கு! என் வீட்டுலயும் இருக்கு!" என்று அவர் குதித்தார். கப்பலைப் பற்றி அவரும் பேசவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அந்தத் தெருவில் ஆறு வீடுகளில் சட்டங்கள் கழன்றன. மூன்றில் பெயர் இருந்தது.

திங்கட்கிழமை வந்த சென்னைக்காரர் அடுத்த ஊருக்குப் போகவில்லை. காரைக்குடியிலேயே நான்கு நாள் தங்கிவிட்டார். எல்லாப் படத்துக்கும் கீழே வைக்க அட்டை எழுதும்போது, சத்தியமூர்த்தி சார் பேனாவைச் சிட்டாளிடம் கொடுத்தார். "உங்க வீட்டுப் படத்துக்கு நீயே எழுதும்மா."

சிட்டாள் அப்பச்சியைப் பார்த்தாள். அவர் மீசைக்குள் சிரித்தபடி தலையை அசைத்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணாமல் எழுதினாள்:

வரைந்தவர்: கா. முத்துவீரன், புதுவயல்.
வரைந்த இடம்: காரைக்குடி.
பம்பரம்: அழகுசுந்தரம், வயது எட்டு.