கட்டைவிரல்

போன் படுக்கையறை பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. ஆனாலும் பத்மஜாவின் வலது கட்டைவிரல் மேசைப் பலகையைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அவள் தேய்க்கவில்லை. விரல் தேய்த்தது.

காலையில் அவளேதான் கணவனிடம் போனைக் கொடுத்தாள். இந்திப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது அவள் வேலை. எழுத உட்காருவாள், ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்கப் போனை எடுப்பாள், தலைநிமிர்ந்தால் பொழுது போயிருக்கும். இப்படியே கெடு தப்பித் தப்பி, இதுதான் கடைசி வாய்ப்பு என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

"சாயங்காலம் வரைக்கும் கேக்கப்படாது, பத்மா. கெஞ்சினாலும் தரமாட்டேன்" என்றான் ஹரிகிருஷ்ணன். வைஃபையையும் அணைத்தான். காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பீரோ சாவியைத் தலையணைக்கடியில் செருகிப் படுத்துவிட்டான்.

மும்பை மாட்டுங்காவில் அன்று மத்தியானமே இருட்டிவிட்டது. ஜன்னல் தகரத்தில் மழை ஓயாமல் கொட்ட, ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி நின்றுபோன லோக்கல் ரயிலின் ஹாரன் இழுத்து இழுத்து ஒலிக்க, கீழே கடையில் காப்பிக்கொட்டை வறுக்கும் மணமும் காயாத துணிகளின் வாடையும் ஒன்றாகக் கலந்து கூடத்தில் தேங்கி நின்றன.

விரல் ஓயவில்லை. கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தாள். தொடையைத் தேய்த்தது. மற்ற விரல்களோடு சேர்த்துக் கைக்குட்டையால் இறுகக் கட்டினாள். துணிக்குள் நெளிந்தது.

"வேலை ஆறதா?" உள்ளேயிருந்து ஹரியின் குரல், தூக்கக் கலக்கத்தில்.

"ஆயிண்டிருக்கு. நீ தூங்கு."

சொல்லிவிட்டு லேப்டாப் திரையைப் பார்த்தாள். ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. காப்பி ஆறி ஆடை படிந்திருந்தது. மேசையில் விரல் ஓடிய இடத்தில் பாலிஷ் போய் மரம் வெளுத்துத் தெரிந்தது.

ஒரு நிமிஷம் போனைப் பார்த்துவிட்டால் இது அடங்கிவிடும் என்று தோன்றியது. எழுந்தாள்.

படுக்கையறையில் தைல வாடை. ஹரி மல்லாந்து தூங்கினான். சாவிக்காகக் குனிந்தாள். கைக்குட்டை எப்போது அவிழ்ந்தது என்று தெரியவில்லை. கை தலையணைக்குப் போகவில்லை. அவன் முகத்துக்குப் போனது.

கட்டைவிரல் அவன் இமையின்மேல் அமர்ந்தது. மெதுவாக மேலே தள்ளியது.

கண் திறந்தது. ஹரியின் கண் இல்லை. மை தீட்டிய, யாரோ ஒரு பெண்ணின் கண். அவளைப் பார்த்தது.

இமை மூடிக்கொண்டது. விரல் தள்ளியது. புரை விழுந்த கிழட்டுக் கண். மறுபடி. சிவந்து வீங்கிய கண். மறுபடி. குழந்தையின் கண்.

இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மேலே. மேலே. கொஞ்ச நேரத்தில் இழுப்பதை விட்டுவிட்டாள். அடுத்தது யாருடையது என்று பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

அப்போது ஹரியின் கண் வந்தது. அவளுக்குத் தெரியாதா அந்தக் கண்? நீர் முட்ட அவளையே பார்த்தது. உதடு அசைந்தது.

"பத்மா..."

அதற்குள் விரல் அதையும் தள்ளிவிட்டது.

"ஹரி!"

தள்ளினாள். வேறு கண். தள்ளினாள். வேறு கண். அவன் திரும்ப வரவில்லை. இமை மூடியது. தள்ளினாள்.