தட்டினால் காத்திருக்க வேண்டும்

டெல்லி மோதி பாக்கில் அபூர்வா ஆட்டோவிலிருந்து இறங்கியபோது மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. புழுதிக்காற்றில் வேப்பமரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் சாய்ராம் ஓர் இரும்பு மூடியருகே குடையோடு நின்றிருந்தார்.

அந்த மூடிக்குக் கீழே கிணறுபோல வட்டத் தொட்டி. சாலையில் ஓடும் மழைநீர் அதற்குள் சுழன்று, மண்ணையும் எண்ணெயையும் அங்கேயே விட்டுவிட்டு யமுனைக்குப் போகும். பழுதான தொட்டி. இன்று மூடியின்மேல் கான்கிரீட் போட்டு அடைக்க ஆட்கள் கலவையோடு காத்திருந்தார்கள். பொறியாளர் அபூர்வா சரி என்றால் போதும்.

போன மழைக்காலத்தில் இதைத் தூர்வார இறங்கிய ராஜவேலை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. ஊருக்கு ஓடிவிட்டான் என்றார்கள். அவன் மனைவி லீலாவதி இன்னும் அபூர்வாவின் அலுவலக வாசலுக்கு வருகிறாள். எதுவும் கேட்பதில்லை. நிற்கிறாள்.

"மூடியைத் தட்டினீங்களா சார்?"

மூடியைப் போட்டதும் கடப்பாரையால் அதை மூன்று தட்டு தட்டிக் காத்திருப்பது தூர்வாருபவர்களின் வழக்கம். உள்ளே ஆள் இருந்தால் ஏணியைத் தட்டுவான்.

"காலித் தொட்டிக்கு எதுக்கும்மா? ஜல்தி முடிங்க, மழை வருது."

"ராஜவேல் இறங்கின அன்னைக்கு?"

சாய்ராம் குடையை மறு கைக்கு மாற்றினார். "அன்னைக்கும் மழை."

அபூர்வா கடப்பாரையை வாங்கித் தட்டினாள். காத்திருந்தாள்.

காற்று நின்றது.

கீழேயிருந்து, இரும்பின் மேல் இரும்பாக, மெதுவாக மூன்று தட்டு.

"குழாய்ச் சத்தம்," என்றார் சாய்ராம். அவர் உதடு வெளுத்திருந்தது. "பையா, கான்கிரீட் கொட்டு."

"கொட்டாதே. மூடியைத் தூக்குங்க."

மூடி நகர்ந்ததும் டீசலும் அழுகிய இலையும் கலந்த வாடை மேலே வந்தது. கூடவே, யாரோ இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல மலிவான சோப்பு வாசனை.

அபூர்வா தொட்டி வாயின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை இருட்டுக்குள் தொங்கவிட்டாள்.

"இப்போ கொட்டுங்க."

"பைத்தியமா உங்களுக்கு? மழை வந்தா தண்ணி இழுத்துடும். வேலையும் போயிடும்."

"போகட்டும் சார். நான் எழுந்திருக்கமாட்டேன்."

மழை வந்தது. கீழே தண்ணீர் சுழலத் தொடங்கியது. குளிர்ந்த ஏதோ ஒன்று அவள் கணுக்காலைப் பற்றியது. இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். அவள் காலை எடுக்காமல் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள்.

சாயங்காலத்துக்குள் தண்ணீரை இறைத்து, சேற்றை அள்ளினார்கள். ஏணியின் கடைசிப் படியில் கோத்தபடி விரல் எலும்புகள் இருந்தன. போலீஸ் ஜீப்பில் ஏறும்போது சாய்ராம் அவளைப் பார்க்கவில்லை. லீலாவதி வந்தாள். முதல்முறையாக உட்கார்ந்தாள்.

எல்லாரும் கிளம்பும் நேரம். தொட்டி வெறுமையாக இருந்தது. ஆனாலும் மூடியை இழுத்துப் போட்டதும் அபூர்வா வழக்கப்படி தட்டினாள். காத்திருந்தாள்.

இங்கே பதில் இல்லை.

சாலையின் அந்தக் கோடியில், புது தார் போட்டு மறைத்திருந்த அடுத்த தொட்டிக்குள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது.

அபூர்வா கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.