சங்கரம்மாளின் இரண்டு உயில்கள்

யோகலட்சுமி இரண்டு காகிதங்களை மேசைமேல் வைத்தபோது ஜெயகிருஷ்ணன் நிதானமாக மோர் குடித்துக்கொண்டிருந்தார். போலீஸ் கைரேகைப் பிரிவில் முப்பது வருடம் பூதக்கண்ணாடியோடு குப்பை கொட்டிவிட்டு ஓய்வுபெற்றவர். கோவில்பட்டியில் விஜி நடத்தும் இ-சேவை மையத்தின் பின்னறைதான் இப்போது அவருக்கு ஆபீஸ். வில்லங்கமான காகிதம் எது வந்தாலும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து முதலில் தீர்ப்புச் சொல்வது விஜியின் வழக்கம்.

"ரெண்டும் சங்கரம்மா உயில் அண்ணாச்சி. வைகாசியில எழுதினது அவிய மருமகன், அண்ணன் மகன் செண்பகராஜ் பேருக்கு. ஆடியில எழுதினது எங்க பல்கலைக்கழகத்துக்கும் ரேடியோவுக்கும். பின்னால எழுதினதுதான் செல்லும்னு வக்கீல் சொல்லுதார். ஆனா எங்களோடது போலின்னு செண்பகராஜ் கேஸ் போட்டிருக்கான்."

எட்டயபுரம் சாலையில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சின்ன வானொலி நிலையம் உண்டு. மானாவாரி வானொலி என்று பெயர். சத்தம் எட்டுவது நாலைந்து மைல்தான் என்றாலும், அந்த நாலைந்து மைலுக்குள் இருக்கிற தீப்பெட்டி ஆபீஸ் அத்தனையிலும் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டேதான் வேலை செய்வார்கள். அதை ஒன்பது வருடமாகக் கட்டி இழுப்பவள் யோகலட்சுமி. பணம் இல்லை, மாதக் கடைசியில் மூடிவிடுங்கள் என்று நிர்வாகம் கடிதம் கொடுத்துவிட்டது.

சங்கரம்மாள் அந்த வானொலியின் செல்லக் குரல். பன்னிரண்டு வயதில் மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்க உட்கார்ந்தவள், நாற்பது வருடம் கழித்துத்தான் எழுந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பதினோரு ஏக்கர் கரிசல் வாங்கிப் போட்டாள். அதன்மேல் சோலார் கம்பெனிக்காரன் கண் விழுந்ததும், எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நின்றது. ஆவணியில் அவள் செத்துப்போனாள்.

"அவிய எங்களோட எவ்வளவு ஒட்டுன்னு இதைக் கேட்டா தெரியும்" என்று யோகலட்சுமி செல்போனைத் தட்டினாள். கிழவியின் கணீர்க் குரல் அறையை நிறைத்தது.

"ஏட்டி யோகம், ரேஷன் கடை மிசினு என் பெருவிரலைப் பாத்து ஆளே இல்லைங்குது! இம்புட்டுப் பெரிய பொம்பளை முன்னால நிக்கேன், தெரியலையான்னு கேட்டேன். கடைசியில கண்ணைக் காட்டச் சொல்லி அரிசி போட்டான்!"

யோகலட்சுமி சிரித்தாள், சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. ஜெயகிருஷ்ணன் சிரிக்கவில்லை. மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அதை இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார்.

அதை மறுபடி போட்டுவிட்டு, யோகலட்சுமி வேறொரு பதிவையும் போட்டாள். அது சித்திரையில் ஒலிபரப்பானது. "எனக்குப் பின்னால என் நெலம் இந்தக் காலேசுக்கும் ரேடியோவுக்கும்தான். பாதியில நம்ம தீப்பெட்டிக்காரி பிள்ளைக படிக்கட்டும். பாதியில இந்த ரேடியோ பேசட்டும். ஊரறியச் சொல்லிட்டேன், பாத்துக்கோங்க."

விஜி அதற்குள் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டாள். "இதுல என்ன அண்ணாச்சி இருக்கு? மருமகன் உயிலைப் பாருங்க, ரேகையே இல்ல, வெறும் மைதான் அப்பியிருக்கு. செத்தவ விரலைப் புடிச்சுத் தேய்ச்சிருக்கான் களவாணிப் பய! ரேடியோ உயில்ல பாருங்க, கோடு கோடா எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு!"

யோகலட்சுமிக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. ஜெயகிருஷ்ணன் மட்டும், "ஆடி உயில் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

"எங்க டெக்னீசியன் கடற்கரைதான் எடுத்துக் கொடுத்தார். சங்கரம்மா அவர்ட்ட குடுத்து வச்சிருந்தாகளாம். சாட்சியும் அவரும் அவர் மச்சினனுந்தான்."

"எழுதித் தரச் சொல்லி நீங்க அவியட்ட கேக்கலையா?"

யோகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். சோறு போட்டு, மகளே என்று கூப்பிட்டவளிடம் போய், நீ சாவதற்கு முன்னால் எழுதிக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? கேட்க நாக்குக் கூசியது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

மூன்றாம் நாள் ஒலிப்பதிவு அறையில் எல்லோரும் கூடினார்கள். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் கயிற்றுப்பாய் அடித்த அறை. ஒரு மூலையில் வெள்ளைச் சட்டையில் செண்பகராஜ், வக்கீல் சொல்லிக்கொடுத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான். ஜெயகிருஷ்ணன் கேட்டபடி தன் பேருக்கு எழுதிய உயிலையும் அத்தையின் மூலப்பத்திரத்தையும் கொண்டுவந்திருந்தான். மிக்சர் மேசைக்குப் பின்னால் கடற்கரை ஒயரைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

ஜெயகிருஷ்ணன் மூலப்பத்திரத்தை விரித்தார். "இது பன்னெண்டு வருசத்துக்கு முன்னால, சார்பதிவாளர் கண் முன்னால வச்ச ரேகை. இதுல பொய்க்கு இடமில்ல. விஜி, என்ன தெரியுது?"

விஜி கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். பார்த்தவள் வாயே திறக்கவில்லை. அவளை அறிந்தவர்களுக்கு அது பெரிய அதிசயம்.

"சொல்லு."

"ரேகையே இல்ல அண்ணாச்சி. மொழுமொழுன்னு இருக்கு. குறுக்கால ஒரு வெட்டுத் தழும்பு மட்டும் சாய்வாத் தெரியுது."

"நாப்பது வருசம் குச்சி அடுக்கின பெருவிரல். ஒவ்வொரு குச்சியும் தொட்டுத் தொட்டு ரேகையைத் தின்னுட்டுது. உன் கடை மிசின்ல எத்தனை தீப்பெட்டிக்காரி விரல் விழாம தெனம் திரும்பிப் போறா? நீ பாக்காததா? ரேஷன் கடைக்காரன் இவியளைத் திருப்பிவிட்டதும் அதனாலதான். அதைச் சொன்னது நானில்ல, சங்கரம்மாளே உங்க ரேடியோவுல சொல்லிட்டுப் போயிருக்காக." அவர் செண்பகராஜின் உயிலைப் பக்கத்தில் வைத்தார். "இங்கயும் அதே மொழுமொழுப்பு. அதே தழும்பு, அதே சாய்வு. இது அவிய கைதான்."

அடுத்து அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்தும், சொல்லாமல் விட்டுவிடமாட்டாரா என்று யோகலட்சுமி கிடந்து தவித்தாள்.

"அந்த ஆடி உயில்ல விழுந்திருக்க ரேகை, தேயாத விரல்லதான் விழும்." ஜெயகிருஷ்ணன் மை டப்பியை மேசைமேல் தள்ளினார். "கடற்கரை அண்ணாச்சி, உங்க இடது பெருவிரலை ஒருக்கா வைக்கீங்களா?"

கடற்கரை விரலை நீட்டவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"தெளிவா விழணும்னு மூணு காகிதத்துல அமுத்திப் பாத்து, நல்லா வந்ததை எடுத்தேன்" என்றார். "ஏழு வருசம் அந்த ஆத்தா குரலைப் பதிவு பண்ணியிருக்கேன். இருமலுக்கு முன்னால மூச்சு எப்படி இழுக்கும்னு தெரியும். விரலை ஒருநா பாத்ததில்ல. மேடம், அவிய சொன்னது நெசந்தானே? ஊரே கேட்டுச்சே! நெசத்தைத்தானே எழுதினேன்?"

"நெசந்தான்" என்றாள் யோகலட்சுமி.

அவள் செண்பகராஜ் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. வைகாசியில அவியட்ட என்ன சொல்லிக் கைநாட்டு வாங்கினீங்க? ஆஸ்பத்திரிப் பேப்பருன்னா? முதியோர் பென்சன்னா?"

செண்பகராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "அத்தை மனசறிஞ்சுதான் வச்சாக. சாட்சி ரெண்டு பேர் இருக்காக." அவள் முகத்தை மட்டும் அவன் பார்க்கவில்லை. சித்திரையில் சங்கரம்மாள் வானொலியில் சொன்னாள், வைகாசியில் அவன் காகிதத்தோடு வந்தான். அறையில் இருந்த எல்லோருக்கும் அது புரிந்தது.

"அண்ணாச்சி, இவனை ஒண்ணும் செய்ய முடியாதா?" என்று விஜி பல்லைக் கடித்தாள்.

"கை அவியளது. அதை மட்டுந்தான் என்னால சொல்ல முடியும். மனசு அவியளதான்னு ரேகை சொல்லாது. எதுலன்னு தெரியாமக் கை வச்சாகன்னு சொல்லவேண்டிய ஆளு சுடுகாட்டுல கிடக்கு." அவர் யோகலட்சுமியிடம் ஆடி உயிலைக் கொடுத்தார். "கோர்ட்டுல விசாரணை வருமுன்ன இதை வாபஸ் வாங்கிருங்கம்மா. இல்லேன்னா கடற்கரை உள்ள போயிருவார். செண்பகராஜ், அப்படிச் செஞ்சா நீ போலீசுக்குப் போகக்கூடாது. சம்மதமா?"

செண்பகராஜ் தாராளமாகத் தலையாட்டினான். பதினோரு ஏக்கர் கிடைத்தவனுக்கு அதில் என்ன நட்டம்?

உயிலை வாபஸ் வாங்குவதாக எழுதி யோகலட்சுமி கையெழுத்துப் போட்டாள். தன் காலிலேயே நடந்துபோய், தன் செல்போனிலேயே போட்டுக் காட்டி, இருந்த ஒரு வழியையும் தானே அடைத்துவிட்டதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. ஒரே ஒருநாள் நாக்குக் கூசாமல் கேட்டிருந்தால், அந்த மொழுமொழு விரலை அவளே தன் கையால் பிடித்துக் காகிதத்தில் வைத்திருப்பாள்.

மாதக் கடைசியில் வானொலியின் கடைசி நிகழ்ச்சியாக அந்தச் சித்திரைப் பதிவைப் போட்டாள். தீப்பெட்டி ஆபீஸ்களில் பெண்கள் குச்சி அடுக்கும் கையை நிறுத்திக் கேட்டார்கள். "ஊரறியச் சொல்லிட்டேன், பாத்துக்கோங்க" என்று சங்கரம்மாள் சொல்லி முடித்தாள்.

கடற்கரை சுவிட்சை அணைத்தார். பெண்கள் கொஞ்ச நேரம் ரேடியோவின் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி குச்சி அடுக்கத் தொடங்கினார்கள்.